முதுமையும் முண்ணாண் காயமும்

மூளையின் கட்டளைகளைக் கைகால்களுக்குக் கொண்டுசெல்வது முண்ணாண். விரல் தடிப்பே உடைய இம்மெல்லிய வடத்தை முள்ளந்தண்டு என்னும் என்புக்கோட்டை காத்து நிற்கின்றது. கோட்டை தகர்ந்தாலன்றி உள்ளிருப்பது கெடாது என்பது பொதுமக்கள் எண்ணம். இளைஞர் திறத்து அது பெரும்பாலும் பொருந்தும். முதியோர் திறத்துப் பொருந்தாது.

யாழ்ப்பாணத்தில் இக்காயத்துக்கு நெடுங்காலம் அறியப்பட்ட காரணம் மரம். பனையிலும் தென்னையிலும் ஏறியோர் தவறி வீழ்ந்தனர். போர்க்காலத்தில் எறிகணையும் துப்பாக்கிக் குண்டும் முன்வந்தன. 2009ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின்னும் அவற்றாற் சக்கர நாற்காலியில் வாழ்வோர் வடமாகாணத்தில் உளர். பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. முன்னாளிற் கரையூர் எனப்பட்ட குருநகருக்கோ கடலும் ஒரு காரணம். கடலட்டை தேடி வாயுக்கலத்தோடு ஆழ மூழ்குவோர் விரைந்து மேலெழுந்தால், உடலிற் கரைந்திருந்த நைதரசன், சோடாப் போத்தலைத் திறந்தாற்போலக் குமிழிகளாகிப் பொங்கும். அக்குமிழிகள் முண்ணாணைத் தாக்கின், அடி எதுவும் படாமலே கால்கள் வலுவிழக்கும். இவை யாவும் பெரும்பாலும் உழைக்கும் வயதினரையே வீழ்த்தியவை.

இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அறுபது வயதைக் கடந்தோர் நூற்றுக்கு 12.4 பேர். மக்கள் மூப்படைய, விபத்தின் முகமும் மாறுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1970களில் இக்காயமுற்றோரின் சராசரி வயது 29. இப்பொழுது 43 அளவில் உள்ளது. யப்பானில் 1990களின் தொடக்கத்தில் வீதி விபத்தே முதற்காரணம். 2018ஆம் ஆண்டுக் கணிப்பிலோ சமதரையில் வீழ்தல் அவ்விடத்தைப் பிடித்தது. மரமுமில்லை, வாகனமுமில்லை, நின்ற நிலையிலிருந்து வீழ்வதே போதுமாயிற்று.

அஃது எங்ஙனம்? வயது செல்லக் கழுத்தென்புகளில் முனைகள் வளரும்; இடைத்தட்டுகள் பிதுங்கும்; முண்ணாண் செல்லும் வழி ஒடுங்கும். கிணற்றடியில் வழுக்கி முகங்குப்புற வீழ்ந்த முதியவரின் நெற்றி நிலத்தில் மோத, கழுத்துப் பின்னோக்கி வளைகின்றது. ஒடுங்கிய வழியில் முண்ணாண் நெரிபடுகின்றது. என்பு முறிவதில்லை, எக்ஸ் கதிர்ப் படத்திலும் முறிவு தோன்றாதிருக்கலாம். எம். ஆர். ஐ. படமே முண்ணாணைக் காட்டும். கால்களினும் கைகளே மிக வலுவிழத்தல் இதன் சிறப்புக் குறி. அமெரிக்க வைத்தியர் றிச்சட் சினைடர் 1954ஆம் ஆண்டில் இதனை விரித்தெழுதினார்.

இங்கேதான் வீட்டார் ஏமாறுகின்றனர். நடக்கிறாரே என்று கருதி நெற்றிக் காயத்துக்கு மருந்திட்டு, கழுத்துக்கு எண்ணெய் தேய்த்து உருவுவதும் உண்டு. அதனினும் கேடு வேறில்லை. வீழ்ந்தவர் சோற்றைப் பிசைய இயலாது, சட்டைப் பொத்தானைப் பூட்ட இயலாது தடுமாறினால், கழுத்தை அசையவிடாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அங்கே கைகளின் தளர்ச்சியை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுதல் வேண்டும்.