காகிதம் முதலில், கார் பிறகு

சென்னையில் பிறந்த இரண்டு கதவு ஹெரால்டை இன்று குறைந்த செலவில் வாங்கலாம். ஆனால் எஞ்சினைப் பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் வழியாகத் திருப்பதி போகும் சாலையில், புத்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது நாராயணவனம். பத்மாவதி - சீனிவாசன் திருமணம் நடந்த தலமாகப் போற்றப்படும் கல்யாண வெங்கடேசுவரர் கோயில் இங்குதான். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் 2022 ஏப்ரலில் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஏழுமலையானைத் தரிசிக்கக் குடும்பத்தோடு கிளம்பிய சென்னைவாசிகளுக்குப் பழகிய பாதை இது. 1960-களில் அவர்கள் ஏறி வந்த கார் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருந்திருக்கும்: அம்பாசடர், ஃபியட் அல்லது ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

முதல் இரண்டுக்கும் இன்று ஊருக்கு ஊர் ரசிகர்கள். மூன்றாவதைக் கேட்பார் குறைவு. பழைய கார் ஒன்று வேண்டும், ஆனால் பென்ஸும் ஜாகுவாரும் நம் கைக்கு எட்டாது என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்த மூன்றாவதைத்தான்.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் இந்தக் கார் அறிமுகமானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. அங்கே கூப்பே வகையும் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில், சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961-ல் தயாரிப்பைத் தொடங்கியது. இங்கே கூப்பே கிடையாது. ஆனால் இரண்டே கதவுகளும் குட்டையான உடலும் கொண்ட ஆரம்ப கால ஹெரால்டுதான் நம் நாட்டில் அதற்கு மிக நெருக்கமான உறவு. 948 சி.சி. எஞ்சின். 1960-களின் பிற்பகுதியில் நான்கு கதவு மாடல் வந்தது. 1970-களில் கெஸெல் அந்த இடத்தைப் பிடித்தது. 1985-ல் பெரும் எதிர்பார்ப்போடு வந்த ஸ்டாண்டர்டு 2000 தோற்றுப்போக, 1980-களின் இறுதியில் கார் தயாரிப்பே நின்றுவிட்டது.

ஹெரால்டு பின் சக்கர இயக்கக் கார். எஞ்சின் முன்னால் இருக்க, அதன் விசை நீண்ட தண்டு வழியாகப் பின் சக்கரங்களுக்குப் போகிறது. 1983-ல் மாருதி 800 வந்த பிறகு, இந்தியாவின் சிறிய கார்களில் முன் சக்கர இயக்கம் படிப்படியாக வழக்கமாகிவிட்டது. பழைய முறையில் முன் சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டுமே. அதனால் ஹெரால்டின் முன் சக்கரங்கள் தாராளமாக மடங்கும். 25 அடி விட்டத்துக்குள் கார் ஒரு முழு வட்டம் அடித்துவிடும். முன்பக்க பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் கவிழ்வதால், மெக்கானிக் டயர் மீது உட்கார்ந்துகூட வேலை பார்க்கலாம்.

நாராயணவனம் போன்ற ஓர் ஊரில் வீட்டுக் கொட்டகை ஒன்றில் இப்படி ஒரு கார் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடற்காற்று நேரடியாகத் தாக்காத இடம் என்பதால் துரு குறைவாக இருக்கலாம். விலையும் படியலாம். சென்னைக்காரர் ஒருவர் முன்பணம் கொடுக்கத் தயாராகிறார். அவர் நிதானிக்க வேண்டிய இடம் இதுதான்.

ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது? காலமான தாத்தா பெயரில் என்றால், அவருடைய வாரிசுகள் படிவம் 31 மூலம் உரிமையை மாற்றிக்கொள்ள வேண்டும். வாரிசுகளில் ஒருவர் மறுத்தாலும் சிக்கல். பிறகு விற்பனைக்கான படிவங்கள் 29, 30. வண்டி மாநிலம் மாறுவதால், பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று பெற வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்குவது கட்டாயம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். கையால் எழுதிய பழைய பதிவு கணினியில் ஏறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், எத்தனை அழகான காராக இருந்தாலும் அது காயலாங்கடை இரும்புதான்.

பதிவு காலாவதியாகியிருந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வழக்கமான புதுப்பிப்பு. வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒருமுறை புதுப்பித்தால் 5 ஆண்டுகள் செல்லும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக உயர்த்தியது.

இன்னொன்று, 2021 ஜூலையில் மத்திய அரசு அறிவித்த விண்டேஜ் பதிவு. 50 வயதைக் கடந்த, அசல் நிலையில் உள்ள வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி எண் தரப்படுகிறது. கட்டணம் ரூ. 20,000. 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை. குடும்பத்தோடு திருப்பதிக்கு ஓட்டிப்போகும் ஆசை உள்ளவர் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஆசை கொட்டகையிலேயே நின்றுவிடும். யாராவது வேறு எஞ்சின் பொருத்தியிருந்தால் 'அசல் நிலை' என்ற நிபந்தனையும் அடிபடும்.

காகிதம் சரியென்றால் அடுத்தது சேசிஸ். ஹெரால்டின் உடல் தனித்தனித் துண்டுகளாகச் சேசிஸ் மீது போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டது. மட்கார்டு, கதவு, பானெட் எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். பளபளக்கும் பெயின்ட்டுக்கு மயங்கத் தேவையில்லை. கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலும் கீழும் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். கோணலாக இருந்தால் சேசிஸ் துருவேறித் தொய்ந்திருக்கலாம். கீழே படுத்து, டிஃபரன்ஷியல் பிணைக்கப்பட்ட இடங்களையும், பக்கவாட்டில் உடலைத் தாங்கும் கைகளையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்ப்பது நல்லது. எலும்பு முறிந்தால் பக்கத்திலேயே புத்தூர் கட்டு இருக்கிறது. சேசிஸ் முறிந்தால் அவ்வளவு மலிவான வைத்தியம் எங்கும் இல்லை.

மூன்றாவது, சக்கரங்கள். முன் சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் 'டிரன்னியன்' என்ற பித்தளைப் பாகத்துக்குக் கெட்டியான கியர் ஆயில் விட வேண்டும். பலர் கிரீஸ் அடித்து விடுகிறார்கள். எண்ணெய் காய்ந்து, உள்ளே துருப்பிடித்து, ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும் ஆபத்து உண்டு. பின்னால் இரு சக்கரங்களுக்கும் குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டை. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலரேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்பக்கமாக மடிந்து கார் தடுமாறக்கூடும். கெஸெலில் இந்த அமைப்பைக் கைவிட்டு வழக்கமான முழு ஆக்சிலுக்கு மாறியதில் வியப்பில்லை.

எஞ்சின் கடைசி. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கப் புல்லியைக் கவனிக்கட்டும். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் அசைந்தால் உள்ளே தேய்மானம் அதிகம். எளிமையான எஞ்சின் என்பதால் அனுபவமுள்ள மெக்கானிக் சரிசெய்துவிடுவார். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். பாகங்கள் கிடைக்காது என்று பயப்படவும் வேண்டியதில்லை. பிரிட்டனில் ஹெரால்டும் அதன் சேசிஸிலிருந்து பிறந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் இன்றும் ஓடுவதால், பல பாகங்கள் அங்கே புதிதாகத் தயாராகின்றன. இறக்குமதி வரியை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்த் தேடலுக்குச் சென்னை புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது.

மலிவாகக் கிடைக்கும் பழைய காரில் விலை முதல் தவணை மட்டுமே. அதே அளவு பணத்தையாவது டிங்கரிங், வெல்டிங், பிரேக் வேலைக்கு ஒதுக்கி வைக்க முடியாதவர்கள் பேரம் பேசாமல் திரும்பிவிடுவது நல்லது. அரைகுறையாகப் பிரித்துப் போடப்பட்ட ஹெரால்டுகள் மறுபடி கார் ஆவது அபூர்வம். வண்டலூர் ஆலை இனி ஒன்றைக்கூடச் செய்யப் போவதில்லை. இருப்பவற்றில் ஒன்றைச் சரியான காகிதத்தோடு, முழுக் கணக்கோடு வாங்குகிறவர்தான் அதைச் சாலையில் மிச்சம் வைக்கிறார்.