வீடு பார்க்கப் போங்க... வேவு பார்க்கப் போகாதீங்க!

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை!

எங்கள் ஊர் தூத்துக்குடி. வ.உ.சி. துறைமுகத்தில் வேலை கிடைத்து வருகிறவர்களும், மாற்றலாகிப் போகிறவர்களும் அதிகம் என்பதால், மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது இங்கே சகஜம். நாங்களும் அப்படித்தான் விட்டிருக்கிறோம்.

அதற்கு முன் எட்டு வருடம், வாடகை வீட்டில் குடியிருந்தோம். அந்த வீட்டுக்கார அம்மா, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வருவார். நேராக அடுப்படிக்குப் போய் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பார். வாசலில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கிறது என்று எண்ணுவார். சுவரில் பெயர்ந்து கிடந்த சிமென்ட் மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. பட்டாலும், 'நீங்கதான் ஆணி அடிச்சு கெடுத்துட்டீங்க' என்பார்.

இதனாலேயே, குடியிருப்பவர்கள் பழுதை மறைக்கப் பழகி விடுகின்றனர். போன வருடம் ஐப்பசி மழைக்கு முன், மாடி வீட்டைப் பார்க்கப் போனேன். கைக்குழந்தையின் தொட்டில், அறையில் இருந்து கூடத்துக்கு மாறியிருந்தது. 'ஏம்மா மாத்திட்டே?' என்றதும், அந்தப் பெண் தயங்கினாள்.

'மேலே இருந்து தூசி விழுதுக்கா... சொன்னா அட்வான்ஸ்ல பிடிச்சிடுவீங்களோன்னு பயம்...' என்றாள்.

கம்பால் தட்டியதும், உள்ளங்கை அகலத்துக்கு காரை பெயர்ந்து விழுந்தது. தொட்டில் அங்கேயே இருந்திருந்தால்... நினைத்தாலே குலை நடுங்குகிறது!

கடல் காற்றில் உப்பு இருக்கிறது. அது கான்கிரீட்டுக்குள் இறங்கினால், கம்பி துருப்பிடித்து பருத்து, காரையை வெடிக்க வைக்கும். குடியிருப்பவர் மேல் இதில் என்ன தப்பு? மேலாகப் பூசி மறைத்தாலும் பிரயோஜனம் இல்லை. பெயர்ந்ததை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்கு மருந்து பூசி, நல்ல தண்ணீரில் குழைத்த கலவையால்தான் அடைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கூடவே கூடாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2017ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, வீட்டைப் பார்வையிட, 24 மணி நேரம் முன்பே, காரணத்தையும் நேரத்தையும் எழுதித் தெரிவிக்க வேண்டும். காலை 7 மணிக்கு மேல், இரவு 8 மணிக்குள் போக வேண்டும். தீ, வெள்ளம் போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் லைன், ஒயரிங் மாற்றுவது எல்லாம் நம் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்ற சில்லறை வேலைகள், குடியிருப்பவர் பொறுப்பு.

நான் பார்ப்பது இவ்வளவுதான்...

* கூரையில் பழுப்புக் கோடு இருக்கிறதா, தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கிறதா?

* சுவரின் அடியில் உப்பு பூத்திருக்கிறதா?

* மொட்டை மாடி மழைநீர் குழாயை, இலை, குப்பை அடைத்திருக்கிறதா?

* கரன்ட் மீட்டர் பெட்டி, வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா? 2023 டிசம்பரில், எங்கள் மாவட்டத்து காயல்பட்டினத்தில், ஒரே நாளில் 95 செ.மீ., மழை கொட்டியதை மறக்க முடியுமா!

பீரோ பக்கமோ, அடுப்படி பாத்திரத்தின் பக்கமோ நான் திரும்புவதில்லை. வீட்டில் பெண் தனியாக இருந்தால், என் கணவரை மேலே அனுப்புவதும் இல்லை. பழுதைச் சொன்னால் அட்வான்சில் கை வைக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லி விட்டேன். இப்போது, சின்ன விரிசல் தெரிந்தாலும், அந்தப் பெண்ணே கூப்பிட்டுக் காட்டுகிறாள். செலவும் சிறிதாக இருக்கும்போதே முடிந்து விடுகிறது.

மாதாமாதம் முதல் தேதி வாடகையை கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, வருடத்திற்கு இரண்டு தரம், 'மேலே ஏதாவது ஒழுகுதாம்மா?' என்று கேட்கத் தெரியாதா என்ன!

— ஒரு வாசகி, தூத்துக்குடி.