கைநீட்டி வாங்கிய முன்பணம்

ஆள்கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வேனில் ஏற்றிப் போகும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் மரம் வெட்டவும் போகும் குடும்பங்களை யாரும் அப்படித் தூக்கிப்போவதில்லை. மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் அவர்களே வண்டி ஏறுகிறார்கள். அதனாலேயே அக்கம்பக்கத்தாருக்கும், சில நேரம் காவல் நிலையத்துக்கும், அது குற்றமாகத் தெரிவதில்லை.

எல்லாம் முன்பணத்தில் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூலி வேலை நின்றுபோகும். வீட்டில் ஒரு பிரசவமோ சாவோ நேர்ந்திருக்கும். அரிசி வாங்கவே காசிருக்காது. அந்த நேரம் பார்த்து, வேலைக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி வந்து பணத்தை எண்ணி வைத்து, நோட்டில் கைநாட்டு வாங்கிப் போவார். சூளைக்குப் போனபின் வாரச் செலவுக்குக் கொஞ்சம் காசு கிடைக்கும். மீதிக் கூலி கடனில் கழிகிறது என்பார்கள். எவ்வளவு கழிந்தது என்று நோட்டைக் காட்ட மாட்டார்கள். சொந்த ஊரில் துக்கம் என்றால்கூடக் குடும்பத்தில் ஒருவரைப் பிணையாக விட்டுவிட்டுத்தான் போக முடியும்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் நாடெங்கும் பரவியது. அவர் பட்ட கடன் ஆயிரம் ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. ஆயிரம் ரூபாய்! இப்படிச் சிக்குபவர்களில் இருளர் குடும்பங்கள் ஏராளம். நிலமோ, வங்கியில் கடன் கேட்க ஈடோ இல்லாதவர்களைத்தான் மேஸ்திரி தேடிப் போகிறார்.

“கடன் வாங்கினால் வேலை செய்துதானே ஆக வேண்டும்?” என்று நல்லவர்களே கேட்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே சொல்லிவிட்டது. ஆள்கடத்தலுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவோ, ஏமாற்றியோ ஆசைகாட்டியோ அழைத்துப் போயிருந்தால், பாதிக்கப்பட்டவர் சம்மதித்தார் என்ற வாதத்தையே ஏற்பதில்லை.

எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுகிறார்கள் என்பது முக்கியம். 1976 சட்டத்தில் அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். 143ஆம் பிரிவில் குறைந்தபட்சமே 7 ஆண்டு. பழைய சட்டத்தோடு நிறுத்திக்கொண்டால் முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த பருவத்துக்கு ஆள் தேடப் போய்விடுவார். இரண்டையும் சேர்த்தே பதிய வேண்டும்.

விசாரிக்கும் முறையும் மாற வேண்டும். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் “நல்லாத்தான் இருக்கோம் சார்” என்றுதான் பதில் வரும். தனியே கூட்டிப்போய், கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேறு வேலைக்குப் போக முடியுமா, சந்தைக்குத் தனியாகப் போய்வர விடுகிறார்களா, கையில் எவ்வளவு கூலி வருகிறது என்று கேட்டாலே உண்மை தெரிந்துவிடும்.

மீட்டபின் கோட்டாட்சியர் தரும் விடுவிப்புச் சான்றிதழ்தான் உயிர்நாடி. அது இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டவர் அரசின் கணக்கில் கொத்தடிமையாக இருந்தவரே அல்ல. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கொடுமை மிகுந்திருந்தால் 3 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால் அந்தத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு இழுத்தால் பணமும் இழுக்கும். தண்டனைக்காகக் காத்திராமல் தரக்கூடியது 30,000 ரூபாய் வரையிலான உடனடி உதவி மட்டுமே.

சந்தேகம் வந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுதுங்கள். குழந்தைகள் இருந்தால் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100. மீட்கப்பட்ட குடும்பம் உங்கள் ஊர்க்காரர்கள் என்றால் சான்றிதழ் கைக்கு வந்ததா, வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை, சாதிச் சான்றிதழ் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். உடனடி உதவி அடுத்த ஐப்பசிக்குள் வந்து சேர வேண்டும். மழை தொடங்கிவிட்டால் மேஸ்திரி முந்திக்கொள்வார்.