மணமுறிவும் பிள்ளையின் பராமரிப்பு உரிமையும்: கட்டுரை எழுதும் முன்

குடும்பச் சிக்கல் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும்போது ஒன்று கண்ணில் படும். மணமுறிவு என்றதும் சினிமா நீதிமன்றம் வந்துவிடும். கூடவே இந்தியாவின் இந்து திருமணச் சட்டமும் வரும். அது இங்கே செல்லாதுங்க. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்கு உரியது 1976ஆம் ஆண்டு திருமண, மணமுறிவுச் சீர்திருத்தச் சட்டம், அதாவது சட்டம் 164. இது 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தது.

திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகாமல், மிகக் கடுமையான துன்பம் இருந்தாலன்றி, மனு செய்ய முடியாது. இருவரும் ஒத்துப்போனால் கூட்டு மனு போடலாம். ஒருவர் மட்டும் கேட்டால், பெரும்பாலும் முதலில் ஜே.பி.என். வழியாக இணக்கக் குழுவிடம் போக வேண்டும். நம்மவர்கள் 'ட்ரிபூனல்' என்பது இதைத்தான். அங்கே சமரசம் ஆகாவிட்டால்தான் உயர் நீதிமன்றம். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்கள் சட்ட உதவித் துறையை நாடலாம்.

பிள்ளை யாரிடம் இருப்பது? பிரிவு 88 இதைச் சொல்கிறது. பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல். அதற்குப் பிறகுதான் பெற்றோரின் விருப்பம். தன் கருத்தைத் தானே சொல்லும் வயது வந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்பது சட்டத்தின் அனுமானம். அனுமானம்தான், முடிவல்ல, தகுந்த காரணம் காட்டினால் மாறும். "ஏழு வயசு வரைக்கும் அம்மாவுக்குத்தான்" என்று முடிவாக எழுதுபவர்கள் இதைக் கவனிக்கவும். பிள்ளையை அங்கும் இங்கும் மாற்றி அதன் வாழ்க்கையைக் குலைப்பது நல்லதல்ல என்பதையும் நீதிபதி எண்ணிப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு உரிமை ஒருவருக்குக் கிடைத்தாலும் மற்றவரின் கடமை தீராது. பிள்ளையின் உணவு, உடை, படிப்புச் செலவை ஏற்கும் பொறுப்பு தொடரும். முன்பு இது 18 வயதோடு முடிந்தது. 2017இல் செய்த திருத்தத்தால் மேற்கல்வி முடியும்வரை நீள்கிறது. படிவம் ஐந்து மாணவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி.

இனி இரண்டு வழக்குகள். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் கணவர் 2009இல் மதம் மாறினார். மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றி, பதினொரு மாதக் கைக்குழந்தையைத் தம்மோடு கொண்டுபோனார். 2010இல் ஈப்போ உயர் நீதிமன்றம் மூவரையும் தாயிடம் ஒப்படைக்கச் சொன்னது. 2018 ஜனவரி 29இல் கூட்டரசு நீதிமன்றம், பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் கடைசி மகள் பல ஆண்டுகள் தாயிடம் வந்து சேரவில்லை. கையில் ஆணை இருப்பது வேறு, கையில் பிள்ளை இருப்பது வேறு.

மற்றொன்று நமக்குப் பக்கத்துச் சிரம்பான். தீபா என்பவருக்கு 2014இல் உயர் நீதிமன்றம் இரு பிள்ளைகளையும் கொடுத்தது. இரண்டே நாளில் தந்தை மகனைக் கொண்டுபோய்விட்டார். 2016இல் கூட்டரசு நீதிமன்றம் மகனைத் தந்தையிடமும் மகளைத் தாயிடமும் விட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றும் உறுத்துகிறது; அக்காளும் தம்பியும் பிரிந்தார்களே. ஆயினும், உடன்பிறந்தோரை ஒரே இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நலனையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒன்று. பாயா ரும்புட் போன்ற இடங்களில் பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகள் நம் வகுப்பில் உண்டு. 'என் குடும்பம்' என்று எழுதச் சொன்னால் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம், "யாரைப் பற்றி வேணும்னாலும் எழுதலாம்மா" என்று சொல்லுங்கள். பள்ளி வாசலில் அப்பாவோ அம்மாவோ வந்து பிள்ளையை அனுப்பச் சொன்னால், ஊர்ப்பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். நீதிமன்ற ஆணையின் நகல் பள்ளிக் கோப்பில் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். அதில் எழுதியுள்ளபடி செய்யுங்கள்.