மீனவரின் படகா, மீனவர்களின் படகா?

ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் இலங்கைக் கடற்படை பிடித்துப் போகும் படகுகளை மீட்க ஆங்கிலத்தில் மனு எழுதுறோம். அதில் ஒரு குறி இடம் மாறினால் படகின் சொந்தக்காரரே மாறிவிடுவார். ஏன் என்று பார்ப்போம்.

"மீனவர்களின்" என்னும்போது "கள்" பன்மை, "இன்" உடைமை, காதுக்கே தெரிஞ்சுடும். ஆங்கிலத்தில் "ஸ்" ஒலியே ரெண்டு வேலையும் பார்க்குது. பழைய ஆங்கிலத்தில் பல ஆண்பால் பெயர்களுக்குப் பன்மை விகுதி "அஸ்", உடைமை விகுதி "எஸ்". பின்னால் இரண்டும் ஒரே ஒலியாகத் தேய்ந்தன. எழுத்தில் அவற்றைப் பிரித்துக் காட்டத்தான் அப்பாஸ்ட்ரஃபி என்ற மேற்குறி.

ஏர்வாடி தர்காவுக்கு வரும் யாத்ரீகர்களை எடுத்துக்குங்க. பில்கிரிம்ஸ் என்றால் பலர். பில்கிரிம்’ஸ், ஒருவருடைய. பில்கிரிம்ஸ்’, பலருடைய. வாயால் சொன்னா மூணும் ஒண்ணுதான்.

அதனால காதை நம்பாம, முதலில் தமிழில் சொல்லிப் பாருங்க. "கள்" முன்னால், "இன்" பின்னால். ஆங்கிலத்திலும் அதே வரிசை. பன்மையை முழுசா எழுதிடணும். அது எஸ் எழுத்தில் முடிந்தால் மேற்குறி மட்டும் போதும். இல்லையென்றால் மேற்குறியும் எஸ்ஸும் சேரும்.

குடும்பம் ஃபேமிலி, பன்மையில் கடைசி ஒய் போய் "ஐ ஈ எஸ்" வரும். ஃபேமிலீஸ்’ என்றால் குடும்பங்களின். பாசி எடுக்கும் பெண்களுக்கு உமன், விமன், விமன்’ஸ். விமன் என்பதே பன்மை. அதனால் எஸ்ஸுக்குப் பின்னால் மேற்குறி போடுவது பிழை.

இன்னொரு வழுக்கல்: நாம "ரெண்டு படகு", "பத்து மீன்" என்போம். அஃறிணைக்குத் தமிழில் "கள்" கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் படகு இரண்டானால் போட்ஸ் என்றுதான் எழுதணும். மீன் மட்டும் பத்தானாலும் பெரும்பாலும் ஃபிஷ்தான்.

இப்போ மனுவுக்கு வருவோம்:

ஃபிஷர்மேன்’ஸ் போட்: ஒருவரின் ஒரு படகு.
ஃபிஷர்மேன்’ஸ் போட்ஸ்: ஒருவரின் பல படகுகள்.
ஃபிஷர்மென்’ஸ் போட்: பலர் கூட்டாக வைத்திருக்கும் ஒரு படகு.
ஃபிஷர்மென்’ஸ் போட்ஸ்: பலரின் பல படகுகள்.

மனுவை எழுதுமுன் யாருடையது, எத்தனை என்று தமிழில் ஒரு வரி எழுதி வெச்சுக்குங்க. மேற்குறி எங்கே விழும் என்பதை அந்த வரியே சொல்லிடும்.