“தம்பி... ஒனக்குப் பார்த்தியா?”

மணி காலை ஆறரை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு டீ எஸ்டேட். வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர். பிள்ளைகள் காப்பகத்தின் வாசலில் ஒரு டேபிள், ரெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு பி.பி. மெஷின். மெஷினுக்குப் பின்னால் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு சாட்சாத் அடியேன்!

எங்க காலேஜ் என்.எஸ்.எஸ்.ஸின் ஏழு நாள் முகாம். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுக்காரனுக்கு மருத்துவ முகாமில் என்ன வேலைன்னு கேட்காதீங்க. டாக்டர் உள்ளே இருந்தார். வெளியே உட்கார்ந்து பி.பி. பார்த்து, நோட்டில் எழுதி, அதிகமா இருந்தால் உள்ளே அனுப்புவது என் டூட்டி. கூடவே ஒரு குட்டிப் பிரசங்கமும் உண்டு. ‘உப்பைக் குறைங்க... டென்ஷன் ஆகாதீங்க... எட்டு மணி நேரம் தூங்குங்க...’ விடியுமுன்னே எழுந்து சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, கொழுந்து பறிக்க மலையேறுகிறவங்களிடம் நான் எட்டு மணி நேரத் தூக்கத்தைப் பற்றி வகுப்பெடுத்ததை நினைத்தால் இப்பவும் காது சூடாகிறது.

இருபத்து மூணாவதாக வந்தார் ஒரு அக்கா. ஐம்பது வயசு இருக்கும். தலையில் துண்டு, இடுப்பில் மழைக்குக் கட்டுகிற பிளாஸ்டிக் ஷீட். என் பிரசங்கத்தை முழுசாகக் கேட்டார். எழுந்து போகவில்லை.

“தம்பி... எல்லாருக்கும் பார்க்குறியே, ஒனக்குப் பார்த்தியா?”

வரிசையில் நின்றவங்க எல்லோரும் சிரிச்சுட்டாங்க. கெத்தை விடலாமா? நானும் சிரிச்சுக்கிட்டே கையைச் சுற்றிக் கட்டி பட்டனை அழுத்தினேன். 148/96. மறுபடி அழுத்தினேன். 150/98.

“மெஷின்ல ஏதோ ப்ராப்ளம்க்கா.”

“எங்களுக்குப் பார்த்தப்ப சரியாத்தானே இருந்துச்சு?”

பதில் இல்லை. அக்கா என் முகத்தையே பார்த்தார். “ராத்திரி தூங்குனியா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தூங்கவில்லைங்க. ரெண்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். ரெக்கார்ட் நோட், அரியர், அப்புறம் ‘ஒரே ஒரு ரீல்ஸ்’. தாக்குப்பிடிக்க ஒரு நாளைக்கு ஏழு டீ. அன்னிக்குக் காலையிலேயே ரெண்டு முடிஞ்சிருந்தது. “டீ குடிச்சு அரை மணி நேரமாவது கழிச்சுப் பார்க்கணும். ஒரு தடவை பார்த்து பி.பி.ன்னு முடிவு பண்ண முடியாது. ஊருக்குப் போய் நல்லா தூங்கிட்டு ஒரு வாரம் தொடர்ந்து பாரு” என்று டாக்டர் தட்டிக்கொடுத்தார். பயம் போச்சு. ஆனால், வேற ஒண்ணு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஹாஸ்டலில் நான் ‘ஸ்டூடன்ட் மென்டார்’. முதலாம் ஆண்டுப் பசங்களுக்கு மனசு சரியில்லைன்னா வந்து பேச ஒரு சீனியர் வேணும் இல்லையா, அந்த சீனியர். செமஸ்டர் ஆரம்பத்தில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையன் வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். எனக்கு மறுநாள் இன்டர்னல். கையில் டீ, ஒரு கண் போனில். “தூக்கமே வரலண்ணா” என்றான். “மெடிட்டேஷன் பண்ணுடா, சூப்பர் ஆப் ஒண்ணு இருக்கு, லிங்க் அனுப்புறேன்” என்றேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். “தேங்க்ஸ்ண்ணா” என்று போய்விட்டான். ரெண்டு வாரம் கழித்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன், அந்த செமஸ்டர் முழுக்க வரவே இல்லை. அவன் சொல்ல வந்தது தூக்கத்தைப் பற்றி இல்லை என்பது ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். நான் அனுப்பின லிங்க் மட்டும் வாட்ஸ்அப்பில் ரெண்டு நீல டிக்கோடு அப்படியே இருக்கு.

முகாமின் கடைசி நாள் ஊட்டிக்குக் கூட்டிப்போனார்கள். தாவரவியல் பூங்காவின் மேல்பக்கம் ஏறினால் தோடர்களின் மந்து இருக்கு. வளைந்த கூரை போட்ட வீடு, குனிந்து தவழ்ந்து போகிற அளவுக்குக் குட்டி வாசல். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தபோது எங்க புரொகிராம் ஆபீசர், ஆங்கிலத் துறை சார், என் பக்கத்தில் வந்து நின்றார். காலையில் நடந்த பி.பி. காமெடி அவர் காதுக்கும் போயிருந்தது. “இந்த மலைக்கு ஒருத்தர் வந்தார்டா, உனக்காகவே வந்த மாதிரி” என்று ஆரம்பித்தார்.

அவர் பெயர் டபிள்யூ.ஹெச்.ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜில் உளவியல் சொல்லிக்கொடுத்த டாக்டர். 1901-02ல் நீலகிரியில் சில மாதங்கள் தங்கி, தோடர்களின் கண் பார்வை, தொடு உணர்ச்சி, வலி தாங்கும் சக்தி எல்லாவற்றையும் சோதித்தார். அப்படியே அவர்களின் சடங்கு, உறவுமுறை, எருமைப் பால் கோயில் என்று எழுதி எழுதி, 1906ல் ‘தி தோடாஸ்’ என்று 700 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். இதுவரை சாதாரண வெள்ளைக்கார ஆராய்ச்சிக் கதை. அடுத்தவர்களை அளந்தவர் ஊருக்குத் திரும்பிய பிறகு தன்னையே அளந்ததுதான் மேட்டர்!

சோர்வுக்கும் காஃபீனுக்கும் என்ன சம்பந்தம்? இதைக் கண்டுபிடிக்க அவர் வேற ஆளைத் தேடவில்லை. டீ, காபி, மது எல்லாவற்றையும் முதலில் தானே நிறுத்தினார். அப்புறம் எர்கோகிராஃப் என்ற கருவியில் விரலை மாட்டி, எடையை இழுத்து இழுத்துக் களைப்பை அளந்தார். சில நாள் காஃபீன், சில நாள் அதே ருசியில் காஃபீன் இல்லாத கலவை. எது எந்த நாள் என்று குடிக்கிற அவருக்கே தெரியாது! தெரிந்தால் மனசு ரிசல்ட்டை மாற்றிவிடும் என்று தன்மேலேயே சந்தேகம். வெப்பர் என்கிற சகாவோடு சேர்ந்து 1907ல் இதை வெளியிட்டார். இன்னிக்கு மருந்துச் சோதனைகளில் பரவலாக இருக்கிற முறைக்கு இது ஒரு முன்னோடி. (அவருடைய நண்பர் ஹென்றி ஹெட் இன்னும் ஒரு படி மேலே. 1903ல் தன் கை நரம்பையே வெட்டித் தைக்கச் சொல்லி, உணர்ச்சி எப்படித் திரும்பி வருகிறது என்று ரிவர்ஸை விட்டு வருஷக்கணக்கில் சோதிக்கச் சொன்னார். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம், பாஸ்!)

ரிவர்ஸின் வீட்டுக் கதையும் செம. அவர் அப்பா திக்குவாய்க்குச் சிகிச்சை கொடுப்பதில் பேர் வாங்கியவர். மகனுக்கோ ஆயுசு முழுக்கத் திக்குவாய்! அதை வைத்துக்கொண்டுதான் அவர் மனநோய்க்குப் பேசியே வைத்தியம் பார்க்கப் போனார்.

முதல் உலகப்போர். குண்டுச் சத்தத்தில் நிலைகுலைந்து, தூக்கத்தில் அலறுகிற அதிகாரிகளை ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கம் கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டராக இருந்தார் ரிவர்ஸ். ‘மறந்துடு, ஆம்பளையா இரு, வேற எதையாவது நினை’ என்பதுதான் அந்தக் காலத்து அட்வைஸ். (அந்தக் காலத்து மட்டுமா?) ரிவர்ஸ் நேர்மாறு. வந்த நினைவைத் துரத்தாதே, அதிலேயே மூழ்கவும் செய்யாதே, தினம் கொஞ்ச நேரம் அதை நேராகப் பார் என்றார். இன்னிக்கு மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் நாம் ஆப் டவுன்லோடு பண்ணுகிற விஷயத்துக்கு இது ரொம்ப தூரத்துச் சொந்தம் இல்லை.

1917 ஜூலையில் அங்கே வந்தார் சீக்ஃப்ரீட் சசூன். கவிஞர், வீரத்துக்குப் பதக்கம் வாங்கிய அதிகாரி. ‘இந்தப் போரை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள், இனி நான் போக மாட்டேன்’ என்று பகிரங்கமாக அறிக்கை விட்டவர். அவரைச் ‘சரிசெய்து’ போர்முனைக்குத் திருப்பி அனுப்புவது ரிவர்ஸின் டூட்டி. பேசப் பேச டாக்டருக்கே ஆட்டம் கண்டது. ‘இவர் சொல்வதுதான் சரியோ? நான் இந்த யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு யாருக்காகப் பேசுகிறேன்?’ அந்தக் குழப்பம் அவர் கனவில் வந்தது. இன்னொருத்தராக இருந்தால் காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு டூட்டிக்குப் போயிருப்பார். ரிவர்ஸ் அந்தக் கனவை எழுதிவைத்து, நோயாளியின் கனவைப் பிரிக்கிற மாதிரியே தன் கனவையும் பிரித்துப் போட்டார். அவர் இறந்த அடுத்த வருஷம், 1923ல் வெளியான புத்தகத்தில் அந்தக் கனவு இருக்கு. தான் அஞ்சு வயசு வரை வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் நினைவிருக்க, மாடி மட்டும் சுத்தமாக நினைவில் இல்லை, அங்கே தனக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும் என்றுகூட இன்னொரு புத்தகத்தில் எழுதினார். ஒரு டாக்டர் இதையெல்லாம் அச்சில் போடுவது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

இதற்காக அவர் ஜெயித்துவிட்டார் என்று சொல்ல வரவில்லை. சசூன் கடைசியில் போருக்கே திரும்பிப் போனார். குணமாக்கி மறுபடி சாவுக்கு அனுப்புவது என்ன வைத்தியம் என்ற கேள்விக்கு ரிவர்ஸிடமும் சுலபமான பதில் இல்லை. எனக்குப் பிடித்தது, அந்தக் கேள்வியை நோயாளி தலையில் கட்டாமல் தன் தலையில் வைத்துக்கொண்டார் பாருங்க, அதுதான்.

திரும்பி வரும்போது பஸ் குன்னூர் சிம்ஸ் பார்க்கைத் தாண்டியது. எதிரே பாஸ்டர் நிலையம். 1918ல் அங்கே சின்னதாகத் தொடங்கிய ஆராய்ச்சிதான் 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு விதை. ராபர்ட் மெக்கரிசன் என்ற டாக்டர் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். பஞ்சாப் சாப்பாடு சாப்பிட்ட எலி டாப். நம்ம மெட்ராஸ் சாப்பாட்டு எலி கடைசி பெஞ்ச்! ஹாஸ்டல் மெஸ் எலிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது நல்லது.

ஊருக்கு வந்ததும் கொஞ்சம் தேடிப் படித்தேன். உலக மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளும் ஜெனீவா உறுதிமொழி 1948ல் வந்தது. ‘நல்ல சிகிச்சை கொடுப்பதற்காக என் சொந்த ஆரோக்கியத்தையும் கவனித்துக்கொள்வேன்’ என்கிற வரி அதில் சேர்ந்தது எப்போ தெரியுமா? 2017ல்! கிட்டத்தட்ட 70 வருஷம் ஆகியிருக்கு. நம்ம ஊரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2024ல் கொடுத்த அறிக்கைப்படி, ஆன்லைன் சர்வேயில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவிகிதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்னை கண்டறியப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கு நமக்கு ஊசி போடப்போகிறவங்க நிலைமை இது.

1979ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபட்-ஜின் ஆரம்பித்த பயிற்சியிலிருந்துதான் மைண்ட்ஃபுல்னெஸ் ஆஸ்பத்திரிகளுக்குள் பரவியது. அவர் நம்ம கட்சி, எம்.ஐ.டி.யில் மூலக்கூறு உயிரியல் படித்தவர். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால் நீங்கள் தினம் தானாக உட்கார்கிற ஆளாக இருக்க வேண்டும் என்பது அங்கே அடிப்படை. நான்? ஆப்பை இன்ஸ்டால்கூடப் பண்ணாமல் லிங்க் அனுப்பினவன்.

சரி, ரிவர்ஸ் மாதிரி ட்ரை பண்ணலாம்னு ஒரு வாரம் டீயை நிறுத்தினேன். முதல் நாள் சாயங்காலமே மண்டையைப் பிளக்கிற தலைவலி. மூணாவது நாள் தெர்மல் லேபில் நின்றுகொண்டே தூங்கினேன். ராத்திரி பத்து நிமிஷம் மூச்சை ஒண்ணு, ரெண்டு என்று எண்ணப் பார்த்தால் நாலுக்கு மேல் போகவில்லை. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் அரியர், அப்பாவின் லோன், அந்தப் பையன். எண்ணுவதை நிறுத்திவிட்டு அவன் நம்பருக்கு ஒரு நாள் போன் போட்டேன். எடுக்கவில்லை. அடுத்த நாளும் போட்டேன். மூணாவது நாள் எடுத்தான். என்ன பேசினோம் என்பது அவன் விஷயம், எழுத மாட்டேன். நான் ரொம்பப் பேசவில்லை என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

பி.பி. இப்போ 126/82. ஒன்றரை மணிக்குப் படுக்கிறேன், இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. டீ ஒரு நாளைக்கு ரெண்டு. (அதையும் விடச் சொல்லாதீங்க. எஸ்டேட் அக்காக்களின் பிழைப்பே அதுதான்!) மென்டார் வேலையை ராஜினாமா பண்ணலாமான்னு சாரிடம் கேட்டேன். “போனை டிராயர்ல போட்டுட்டு உட்காரு, அப்புறம் பார்க்கலாம்” என்றார்.

போன வாரம் ராத்திரி கதவு தட்டின சத்தம். அதே பையன். பெட்டியோடு வந்திருந்தான். போனை டிராயரில் போட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தான்.

“டீ இருக்காண்ணா?”

“ஒண்ணுதான் இருக்கு. பாதி பாதி.”