குடியை விடுவோரும் முதல் ஐந்து நாட்களும்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் அழகையும் பற்றி எழுதாதார் அரியர். அத்துறைமுகத்தோடு நெருங்கிய உறவுடைய வேறொன்றைப் பற்றி எழுதினோரோ சிலரே. பிரித்தானிய அரச கடற்படையிலே மாலுமிகளுக்கு நாள்தோறும் 'றம்' என்னும் மதுவை அளந்து கொடுக்கும் வழக்கம் 1970 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் திகதி வரை நீடித்தது. 1957 ஆம் ஆண்டிலே கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும்வரை, நமது உட்துறைமுகத்தில் நங்கூரமிட்டுக் கிடந்த அக்கடற்படைக் கப்பல்களிலும் அந்த அளவை நடந்தது. கப்பலிலே அளந்து குடித்தவன் கரையிறங்கியதும் அளவின்றிக் குடிக்க இடந் தேடினான், இடமுங் கிடைத்தது. கப்பல்கள் போய்விட்டன. தவறணைகள் போகவில்லை.

இன்று அங்கே செல்வோர் நம்மவரே. சீனன்குடாப் பக்கத்து ஆலைகளில் மூடை சுமப்போர், கொட்பேயிலிருந்து ஆழ்கடல் செல்வோர், கரைவலை இழுப்போர், இவர்களோடு கந்தோர்களிலே மேசைக்குப் பின்னால் இருப்போரும் உளர் என்பதை மறைப்பானேன்? உடம்பு நோகிறது, ஒரு கால் போத்தல் இல்லாவிட்டால் நித்திரை வராது என்பது தொடக்கத்தில் அவர்கள் கூறும் நியாயம். சாராயத்தின் விலை ஏற ஏற, கையிற் காசு குறைந்தவர் கசிப்பை நாடுகின்றனர். கசிப்பிலே என்னென்ன கலந்திருக்கும் என்பது காய்ச்சுபவனுக்கே தெரியாது. மெதனோல் என்னும் நச்சுப்பொருள் சேர்ந்துவிட்டால் ஓரிரு நாளிற் கண்ணொளி போகும், உயிரும் போகும்.

குடி தீது என்று எழுதுவது நம் நோக்கமன்று. அது குடிப்பவருக்கும் தெரியும். தெரிந்துதான் விட நினைக்கிறார். அவர் விட நினைக்கும் அந்த நல்ல நாளிலே அவருக்கும் வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று பெரும்பாலோருக்குத் தெரியாதிருக்கிறது. பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்த ஒருவர் திடீரென நிறுத்தினால், அந்த நிறுத்தமே அவர் உயிருக்கு ஆபத்தாகலாம்.

இது எவ்வாறு நேர்கிறது? மதுவின் இயல்பு மூளையின் வேகத்தைத் தணிப்பது. தேர்ச்சில்லுக்கு முட்டுக்கட்டை போடுவது போன்றது அது. கட்டையை எந்நாளும் போட்டபடியே வைத்திருந்தால், வடம் பிடிப்போர் முன்னிலும் பலராகச் சேர்ந்து, முன்னிலும் பலமாக இழுக்கத் தலைப்படுவர் அல்லவா? மூளையும் அவ்வாறே தன்னைத் தூண்டும் இரசாயனங்களின் வலுவைப் பெருக்கி, மதுவை மீறி இயங்கப் பழகிக்கொள்கிறது. ஒருநாள் கட்டையைச் சடுதியாக உருவிவிட்டால் தேர் என்ன பாடுபடும் என்பதை வீதியில் நின்று பார்த்தவர் அறிவர்.

இறுதியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்துள் கைநடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, ஓங்காளம், நித்திரையின்மை என்பன தோன்றும். பலருக்கு இவ்வளவோடு நின்று, நாலைந்து நாளில் எல்லாம் தணிந்துவிடும். சிலருக்கு முதல் 2 நாட்களுள் வலிப்பு வருவதுண்டு. இன்னுஞ் சிலருக்கு, பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில், புத்தி தடுமாறும், காய்ச்சல் எறிக்கும், இல்லாதவற்றைக் கண்டு அஞ்சுவர். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று வைத்தியர் கூறும் இந்நிலையை, நம் முன்னோர் வழங்கிய 'சன்னி' என்ற சொல்லாற் சுட்டுதல் பொருந்தும். முற்காலத்தில் இதனால் இறந்தோர் மிகப் பலர். இன்று தக்க வைத்தியம் பெற்றவர்களுள் இறப்போர் நூற்றுக்கு ஐவரிலுங் குறைவு. வைத்தியம் பெற்றவர்களுள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நாமறிந்த குடும்பம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கூறுவோம். குடும்பத் தலைவர் கடற்றொழிலாளர். நம்மிடம் படித்த மாணவன் ஒருவனின் தந்தை. பதினைந்து ஆண்டுக் குடி. ஐப்பசியிலே கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று காலை, இனித் தொடுவதில்லை என்று சுவாமியறையில் நின்று சத்தியஞ் செய்தார். வீடு முழுவதும் மகிழ்ந்தது. முதல் நாள் நடுங்கினார். உபவாசம் என்று எண்ணினர். இரண்டாம் நாள் இரவு முழுவதும் நித்திரையின்றி நடந்தார்; மழைக்காலக் குளிர் என்று எண்ணினர். மூன்றாம் நாள் இரவு, சுவரிலே எறும்புகள் சாரிசாரியாக ஊர்கின்றன என்றார். மூலையிற் கிடந்த வலைக்கயிற்றைப் பாம்பென்று அடிக்கப் புகுந்தார். தம் மகனையே யாரென்று கேட்டார். பேய் பிடித்ததென்று பார்வை பார்ப்பவர் ஒருவரை அழைத்துவந்தனர். விடியுமுன் வலிப்பு வந்தது. அதன் பின்னரே ஆசுபத்திரிக்குக் கொண்டோடினர். பிழைத்தார். மறுவாரம் அவர் மனைவியார் நம்மைக் கண்டபோது கேட்ட கேள்வி இன்னும் செவியில் நிற்கிறது: "மாஸ்ரர், விரதத்திலை நாங்கள் ஏதும் குறை விட்டிட்டமோ?"

குறை விரதத்தில் இல்லை, சத்தியத்திலும் இல்லை. முருகனிடம் போகும் வழியில் வைத்தியரிடமும் போயிருக்க வேண்டும், அவ்வளவே.

அவ்வாறாயின் விடாமற் குடித்துக்கொண்டே இருக்கலாமோ என்று ஒருவர் வாதிடக்கூடும். அந்த வாதம் தவறணைக்கு ஏற்றது, நமக்கன்று. குடிப்போர் எல்லாருக்கும் இந்த ஆபத்து இல்லை. காலையில் எழுந்ததும் நடுக்கந் தீரக் குடிப்பவர், முன்னர் நிறுத்தியபோது வலிப்புக் கண்டவர், முதியவர், வேறு நோயுடையவர் ஆகியோருக்கே இது பெரிதும் உண்டு. தம்மை அறிந்துகொள்ள எளிய வழியொன்றும் நம் நாட்டிலே இருக்கிறது. பௌர்ணமிப் போயா நாட்களில் மதுக்கடைகள் பூட்டப்படுகின்றன. முதல் நாளே வாங்கி ஒளித்து வைப்பவர் ஏற்கெனவே பாதி விடையைச் சொல்லிவிட்டார். வாங்கி வைக்க மறந்து, போயா அன்று நண்பகலிற் தேநீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமற் கை நடுங்குமாயின், அவர் தாமாக நிறுத்தலாகாது. வைத்தியரைக் கேட்டே நிறுத்த வேண்டும். பலநாட் கலங்களிற் செல்வோருக்கு இது மும்மடங்கு பொருந்தும். கரையில் நாள்தோறும் குடித்தவர் கலமேறிய மூன்றாம் நாள் கரையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள். அங்கே வலிப்பு வந்தால் தாங்குவார் யார்?

ஆசுபத்திரியிலே செய்வது பெரிய மந்திரமன்று. மதுவைப் போலவே மூளையைத் தணிக்கும் டயசிபாம் முதலிய மருந்துகளைக் கொடுத்து, சில நாட்களிற் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவர். முட்டுக்கட்டையைச் சடுதியாக உருவாமல், மெல்ல மெல்லத் தளர்த்துவது போன்றது இது. அதனோடு மற்றொரு மருந்தும் உண்டு. அதன் வரலாறு நம்மூரைத் தொட்டுச் செல்வதால் சற்று விரித்துரைப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, திருகோணமலையில் இருந்த பிரித்தானியப் படையினரிடையே கால் வீங்கி, மூச்சுத் திணறி, மரத்துப்போகும் நோயொன்று கண்டது. தோமஸ் கிறிஸ்ரி என்னும் படை வைத்தியர் இலங்கையில் இந்நோயைக் கண்டு எழுதிவைத்துள்ளார். 'பெரிபெரி' என்பது அதன் பெயர். அச்சொல் சிங்களத்திலிருந்து பிறந்ததென்று ஆங்கில அகராதிகள் கூறுகின்றன. காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை. 1890களில், ஜாவாவிலே எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய வெள்ளரிசியை மட்டும் தின்ற கோழிகள் இதையொத்த நோயால் வாடுவதையும், தவிட்டைக் கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். அதற்காக 1929 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த அச்சத்தே இன்று தயமின் எனப்படும் விற்றமின் பி1. அதனை 1936 இல் செயற்கையாக ஆக்கிய றொபேட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர், இந்தியாவின் நெல்லூரிற் பிறந்தவர் என்பது நம்மவர்க்கு ஓர் இனிய செய்தி.

படையினரை வருத்திய அக்குறைபாடு குடிப்பவரை இன்றும் விட்டபாடில்லை. தயமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேற் சேமிப்பில் இராது. குடிப்பவரோ சோற்றைத் தள்ளுகிறார். தின்ற சிறிதிலும் சத்து உடம்பிற் சேராதபடி மது தடுக்கிறது. முடிவில் மூளை வாடுகிறது. கண் பார்வை தடுமாறல், கால் தள்ளாடல், மனக் குழப்பம் ஆகிய மூன்றையும் 1881 இல் வேர்னிக்கே என்னும் ஜெர்மானியர் எடுத்துக் காட்டினார். இவற்றைக் காணும் வீட்டார் 'நிறைவெறி' என்று எண்ணிப் படுக்க விடுவதே வழக்கம். உடனே தயமின் ஊசி கிடைத்தால் மீளலாம். கிடையாவிட்டால், நேற்று நடந்தது இன்று நினைவில் இல்லாத நிலை நிலையாகவே தங்கிவிடக்கூடும். ஆதலால் குளுக்கோசுத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் வைத்திருத்தல் நன்றன்று. தயமின் குறைந்த உடம்பிலே தனிக் குளுக்கோசு தீங்கை மிகுவிக்கவும் கூடும். தயமினை முதலிற் கொடுத்த பின்னரோ உடன் கொடுத்தோதான் வைத்தியர் குளுக்கோசு ஏற்றுவர்.

இல்லத்தரசியர்க்கு ஈண்டு ஒரு சொல். வலிப்பு வந்தால் ஒருக்கணித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணியாது, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். நோயாளர் வண்டிக்குக் கட்டணம் இல்லை. கைக்குள் இரும்பு வைப்பதால் நேரம் போவதைத் தவிர வேறு பயன் இல்லை. குடியை மறக்கச் செய்யும் பொடி என்று விற்பதை வாங்கிக் கறியிற் கலந்து கொடுக்கும் வழக்கமும் உளது. அவற்றுட் சில, மதுவோடு சேரின் முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, குருதியமுக்கம் வீழ்ந்து மயங்கச் செய்யும் மருந்தாக இருக்கலாம். டைசல்பிரம் என்னும் அம்மருந்தை நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, வைத்தியர் மேற்பார்வையிற் கொடுப்பது முறை. அறியாத ஒருவருக்கு அன்பினால் ஒளித்துக் கொடுத்தாலும் அது ஆபத்தே.

ஐந்து நாள் கடந்தபின் உடம்பு காட்டும் நன்றி வியப்புக்குரியது. மதுவால் ஈரலிற் படிந்த கொழுப்பு, முற்றாக நிறுத்தினால் சில வாரங்களிற் கரைகிறது. இறுகிச் சுருங்கிய ஈரல் முழுவதும் பழைய நிலையடையாது. எனினும் அதற்கும் நிறுத்தம் ஆயுளைக் கூட்டும். கைநடுக்கம் போகும், பசி திரும்பும். கைக்குத்தரிசிச் சோறு, பருப்பு, பயறு, மீன் இவற்றைப் பத்தியமென்று குறைக்காமல் வயிறார இடுங்கள். நித்திரை மட்டும் பல வாரங்கள் சரிவராது. மனஞ் சோரும். மீண்டும் போத்தலைத் தேடச் செய்வது பெரும்பாலும் இந்தச் சோர்வும், பழைய கூட்டாளியின் குரலுமே.

அந்த நீண்ட காலத்துக்கு என்ன செய்வது? சென்னையிலே, தம் கணவரை மதுநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980 இல் கணவர் பெயரால் ரி. ரி. ரங்கநாதன் நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு அவர் குடும்பத்தாருக்கும் பயிற்சி உண்டு. பின்னர் அந்நிலையத்தார் மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சென்று சிகிச்சை முகாம் நடத்தினர். குடித்தவர் ஊரை விட்டு ஒளித்துப் போய்த் திரும்பாமல், ஊர் பார்த்திருக்கத் தெளிந்தார். இந்த ஏற்பாடு நம் கரையோரக் கிராமங்களுக்கும் மிகப் பொருத்தமானதென்று நாம் கருதுகிறோம். வாடைக் காலத்திலே கடல் கொந்தளித்துத் தொழில் ஓய்ந்திருக்கும் மாதங்கள் உள்ளன. கோயில் மடங்களும் சனசமூக நிலையங்களும் இருக்கின்றன. குடிப்பதற்கு ஏதுவாகும் அந்த ஓய்வே விடுவதற்கும் ஏதுவாகலாம்.

ஐஸ், ஹெரோயின் என்பன இளைஞரிடையே புகுந்துள்ள இந்நாளில், அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கு ஒன்று மட்டும்: ஐஸை விட்ட இளைஞன் பகலெல்லாம் உறங்கி, உயிர் வாழ விருப்பின்றிப் பேசுவானாயின், அது சோம்பலன்று. அவனைத் தனியே விடாமல், வைத்தியரிடம் அழைத்துச் செல்க.

மதுவுக்குத் திரும்புவோம். விட்டவர் மறுபடி வழுவுவது புதுமையன்று. மீண்டவர்களுட் பலர் ஒருமுறைக்கு மேல் வழுவியவர்களே. அவ்வாறு நேர்ந்தால் வீட்டார் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுண்டு. விட்டு விட்டுக் குடிப்போருக்கு, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் முன்னதிலுங் கடுமையாக வரக்கூடும். சென்ற முறை வீட்டில் வைத்துப் பார்த்தோமே என்று துணியாமல், இம்முறையும் வைத்தியரிடமே அழைத்துச் செல்லுங்கள். நாளொன்றுக்கு எவ்வளவு குடித்தார், கடைசியாக எந்த மணிக்குக் குடித்தார், முன்னர் வலிப்பு வந்ததா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் எடுத்துச் செல்லுங்கள்; வெட்கத்தால் பாதியளவாகக் குறைத்து எழுத வேண்டாம்.